கொழுக்கட்டைப்புல் மூன்றாம் முறை முளைத்தது

2024 கார்த்திகையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் பிவிசி குழாய்ச் சட்டம் ஒன்று செய்து, எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், பத்து இடத்தில் வைத்தேன். ஒவ்வொரு முறையும் சட்டத்துக்குள் இருந்த கொழுக்கட்டைப்புல்லை நாலு விரல் உயரம் விட்டு அறுத்துத் தராசில் போட்டேன். பள்ளத்தில் ஒரு சட்டத்துக்கு 1,100 கிராம் வந்தது. சரளை மேட்டில் 280 கிராம்தான். பத்தையும் சேர்த்துச் சராசரி 640 கிராம். பாசனத்தில் கோ ரகத் தீவனப்புல் வளர்ப்பவர்களுக்கு இது ஒரு கணக்கே இல்லை. ஆனால் இந்தப் பூமியில் மூன்று வருசத்துக்கு முன்னால் துடைப்பம்புல்லும் நெருஞ்சியும் கொழிஞ்சியும் தவிர வேறெதுவும் கிடையாது. ஒரு சொட்டுப் பாசனமும் இல்லாமல் வந்த எடை இது. அன்றைக்குத்தான் இதை எழுதலாம் என்று தோன்றியது.

கொறங்காடு பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் சுற்றித்தான் மழை. பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் விழுந்துவிடும். கிணற்றில் தண்ணீர் இல்லாத மேட்டாங்காட்டைக் கிளுவை வேலி கட்டி, நடுவே வெள்வேல மரங்களை விட்டு, கீழே கொழுக்கட்டைப்புல்லை வளரவிட்டு மேய்ச்சலுக்கே ஒதுக்கி வைப்பார்கள். அதுதான் கொறங்காடு. காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இதை மேய்ந்து வளர்ந்தவை. இங்கே மாடுகளை ஆள் நின்று மேய்ப்பதில்லை. காலையில் வேலி வாசலான கடவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டு, சாயங்காலம் போய் ஓட்டி வருவதுதான் வழக்கம். காவலுக்கு வேலி மட்டும்தான்.

எங்களுடையது மூன்று ஏக்கர். அப்பாரு போன பிறகு பத்து வருசம் அதை யாரும் பார்க்கவில்லை. மேய்ச்சலுக்குக் குத்தகைக்கு விட்டோம், எடுத்தவர்கள் மழைக்கு முன்னும் பின்னும் ஓயாமல் மேய்த்தார்கள். கிளுவை பாதிக்கு மேல் பட்டுப்போனது. சீமைக்கருவேலம் உள்ளே வந்தது. ஆடு அவ்வளவாக வாய் வைக்காத கொழிஞ்சி மட்டும் செழித்திருந்தது. ஒரு கொறங்காட்டில் கொழிஞ்சி கூடிக்கொண்டே போனால் புல் குறைந்துகொண்டே வருகிறது என்று அர்த்தம்.

2021 ஆவணியில் பொக்லைன் விட்டு சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம். நாலரை மணி நேரம், மணிக்கு 1,200. விறகு 6,000 ரூபாய்க்குப் போனது. வெட்டி விட்டிருந்தால் தூரிலிருந்து நாலு கிளையாகத் திரும்ப வந்திருக்கும், அதனால் பிடுங்கியது சரி. அதோடு நிறுத்தாமல் கொழிஞ்சி, ஆவாரை, துத்தி எல்லாவற்றையும் சுத்தமாக வழித்தேன். பூமி கிரிக்கெட் மைதானம் மாதிரி ஆனது. அது தப்பு என்று புரிய இரண்டு வருசம் ஆனது.

விதை வாங்கினேன். கோ 1 என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட நீலக் கொழுக்கட்டைப்புல் ரகம், 10 கிலோ, கிலோ 700 ரூபாய். விற்றவர், "இந்த ஆடியில் எடுத்த புது விதை" என்றார். புதுசு என்றால் நல்லது என்றுதான் நானும் நினைத்தேன். ரொட்டவேட்டர் இரண்டரை மணி நேரம் ஓட்டி மண்ணை மாவாக்கினோம். 8 கிலோவை மூன்று ஏக்கருக்கும் கையால் வீசிவிட்டு, சோளத்துக்குச் செய்வது போலவே மேலே ஒரு உழவும் ஓட்டி மூடினோம்.

புரட்டாசி கடைசியில் நல்ல மழை. பத்தாம் நாள் பூமி பச்சை கட்டியது. குனிந்து பார்த்தால் எல்லாம் நெருஞ்சியும் சாரணையும். கார்த்திகையில் மூன்று ஏக்கரையும் நடந்து எண்ணினேன், கொழுக்கட்டைப்புல் 26 தூர்.

ஊரில் நாற்பது வருசமாக ஆடு மேய்க்கும் ஒரு மாமா இருக்கிறார். அவரைக் கூட்டி வந்து காட்டினேன். மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன் கண்ணு, சோளத்தாட்ட இதைய உழுது மூடுனயா? இது காத்துல பறந்து வந்து மேல உழுகற வெதை. உள்ள போனா மூச்சு முட்டிப் போகும். அதுவுமில்லாம போன மாசத்து வெதை இந்த மாசம் எந்திரிக்காது. ஒரு வருசம் தூங்கோணும்."

மீதி 2 கிலோ இருந்தது. அதிலிருந்து நூறு எடுத்து, ஈரச் சாக்குத் துண்டில் மடித்து, தட்டில் வைத்துப் பன்னிரண்டு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். 6 முளைத்தது. இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. விதைப்பதற்கு முன்னால் செய்திருந்தால் அந்த வருசம் விதைத்திருக்கவே மாட்டேன். மாமா சொன்ன இரண்டுமே சரிதான். புதிதாக உதிர்ந்த கொழுக்கட்டைப்புல் விதை ஆறேழு மாதமாவது உறங்கும். முளைக்கிற விதையும் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மேலே வரத் திணறும்.

நாம் விதை என்று வாங்குவது உண்மையில் விதை அல்ல என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். அது மயிர்க்கூட்டம் சுற்றிய ஒரு சிறு பொதி. உள்ளே அரிசி ஒன்றிரண்டு இருக்கும், சிலதில் இருக்கவே இருக்காது. இரண்டு விரலால் அழுத்தி உருட்டினால் உள்ளே கெட்டியாக ஒன்று தட்டுப்படவேண்டும். நான் வாங்கியதில் ஐம்பதைப் பிதுக்கிப் பார்த்தேன். 21 பதர். ஐந்தில் இரண்டு பங்கு காசு காற்றுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அந்த 2 கிலோவைச் சணல் சாக்கில் போட்டு, வருசத்தை எழுதி, அட்டாலியில் (பரணில்) கட்டித் தொங்கவிட்டேன். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

2022-இல் ஒரு ஏக்கர் மட்டும் எடுத்துக்கொண்டேன். ரொட்டவேட்டர் இல்லை. அஞ்சு கொத்துக் கலப்பையை லேசாக ஒரு மணி நேரம் ஓட்டி மண்ணைக் கீறி மட்டும் விட்டோம். அட்டாலி விதையை மறுபடி சோதித்தேன், நூறுக்கு 38. ஒரே விதைதான், ஒரு வருசம் தூங்கியிருக்கிறது, அவ்வளவே. இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு காய்ந்த சாணித்தூள் கலந்து மூன்று பெண்கள் சால் வழியே தூவினார்கள். மேலே மண் தள்ளாமல் வேப்பங்கொத்தை மட்டும் இழுத்துவிட்டோம்.

மூன்றாம் நாள் காலையில் போனபோது எறும்புப் புற்றுகளைச் சுற்றி வளையம் வளையமாகப் பழுப்பு மயிர் குவிந்து கிடந்தது. மழை வருவதற்குள் எறும்பு விதையை உள்ளே இழுத்துக்கொண்டு போய் அரிசியைத் தின்று பொதியை வெளியே தள்ளியிருந்தது. ஒரு ஏக்கரில் பதினான்கு புற்று எண்ணினேன். மருந்து தூவச் சொன்னார்கள். மேய்கிற பூமியில் அதைப் போட எனக்கு மனமில்லை.

தப்பியது முளைத்தது. முளைத்த ஒன்பதாம் நாளிலிருந்து மழை நின்றுபோய் 19 நாள் சுள்ளென்ற வெயில். வெட்டவெளியில் இருந்த நாற்றுகள் நூல் மாதிரி காய்ந்தன. வரப்போரம், நான் வழிக்க மறந்த கொழிஞ்சிச் செடிகளின் அடியில் இருந்தவை மட்டும் பச்சையாக நின்றன. நான் முதல் வருசம் சுத்தம் என்று நினைத்து எடுத்தது அவ்வளவும் இந்த நாற்றுகளுக்கு நிழலாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த மழையில் மீண்டு, மார்கழியில் முந்நூறுக்கு மேல் தூர் நின்றது. ஒரு சாண் உயரம். பார்க்கவே மனம் நிறைந்திருந்தது. தை மாதம் ஒரு நாள் எங்கள் பட்டி ஆடுகளே, பன்னிரண்டும், கிழக்கு வேலியில் இருந்த இரண்டடி ஓட்டை வழியாக உள்ளே போய்விட்டன. ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும். முள் வெட்டி அடைக்கலாம் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம்தான் மேய்ந்திருக்கும். வளர்ந்த தூரை ஆடு கடித்தால் மேல் பாதிதான் போகும். முதல் வருசத் தூருக்கு வேர் பிடிப்பு இல்லை. கடித்து இழுத்ததும் வேரோடு கையில் வருகிற மாதிரி வந்துவிட்டது. எண்ணியதில் மிஞ்சியது 43.

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆத்தா தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "மொதல்ல வேலியப் பாரு சாமி. வெதைய அப்பறம் பாத்துக்கலாம். உங்க அப்பாரு வேலிக்குத்தான் பாதி ஆயுசக் குடுத்தாரு."

மாசியில் விதையைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டு வேலியைப் பிடித்தேன். கிளுவைப் போத்துக்கு, அதாவது நடுவதற்கு வெட்டும் கிளைக்கு, காசில்லை. உறவுக்காரர் வேலியைக் கழிக்கும்போது வெட்டிக்கொண்டோம். கட்டை விரலைவிடத் தடிமனாக, நாலடி நீளம், 420 போத்து. வெட்டிய உடனே நடாமல் நிழலில் ஐந்தாறு நாள் சாத்தி வைத்து, வெட்டுவாய் காய்ந்த பிறகு, முக்காலடி ஆழக் கடப்பாரைக் குழியில் இறக்கி மிதித்தோம். நாலு ஆள், 3,000 ரூபாய். குறுக்கே மூங்கில் பிளாச்சும் கட்டுக்கம்பியும் 800. கோடை மழை வந்தபோது 420-இல் 350 போத்துக்கு மேல் துளிர்த்தது. வேர் நன்றாகப் பிடித்து அடர்வதற்குள் ஆடு நுழையாமல் இருக்க, இடைவெளியில் வெட்டிய வேல முள்ளைத் திணித்தோம்.

இடையில் விதை சேர்க்கும் வேலையும் நடந்தது. இந்தத் தடவை வாங்கவில்லை. மாமாவின் கொறங்காட்டிலும் இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்) ஓரத்திலும் மார்கழி, தையில் பழுத்து நின்ற கதிர்களை நாங்களே உருவினோம். கதிரின் அடியை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து மேல்நோக்கி இழுத்தால் பழுத்த பொதி மட்டும் கையோடு வரும், பச்சை நின்றுவிடும். பனி இறங்கிய பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்னால் போகவேண்டும். மதியத்துக்கு மேல் காற்றே உருவிக்கொண்டு போய்விடும். மடியில் துணி கட்டிக்கொண்டு ஒரு காலை முழுக்க உருவினால் ஒரு ஆளுக்கு 350 கிராம். எட்டு காலை, இரண்டு பேர், ஐந்தரைக் கிலோ. பிதுக்கிப் பார்த்ததில் ஐம்பதுக்கு 9 தான் பதர். வாங்கியதற்கும் உருவியதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

2023 புரட்டாசியில் அந்த விதைக்கு ஒன்பது மாதம். சோதனை நூறுக்கு 44. எறும்புக்கு என்ன செய்வது என்பதுதான் மிச்சம். மண்ணில் உருட்டி உருண்டையாக்கிப் போடும் முறை ராஜஸ்தானில் மேய்ச்சல் நிலங்களில் இருக்கிறது. அங்கே இதே புல்லை அஞ்சன் என்பார்கள். ஜோத்பூரின் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் அதில் மார்வார் அஞ்சன் என்று ரகமே வெளியிட்டிருக்கிறது. சரி, உருட்டிப் பார்ப்போம் என்று குளத்து வண்டல் அரை டிராக்டர் 600 ரூபாய்க்கு இறக்கினோம்.

முதலில் விதையைச் சாக்கின் மேல் கொட்டி, இன்னொரு சாக்கால் தேய்த்து மயிரை உதிர்த்தேன். இல்லாவிட்டால் மண் ஒட்டாது, பஞ்சு உருண்டையாகத்தான் வரும். முதல் கலவை: படி அளவில் விதை ஒன்று, வண்டல் நாலு, சாணி ஒன்று. அழகாக உருண்டது. காய்ந்ததும் செங்கல். பத்து உருண்டையைத் தட்டில் வைத்து ஒரு சிறுமழை அளவுக்குத் தண்ணீர் தெளித்தேன். நாலு நாள் ஆகியும் உடையவில்லை, ஒன்றிலும் முளை இல்லை. அந்தக் கலவையில் முக்கால் கிலோ விதை போனது. இரண்டாவது: விதை ஒன்று, வண்டல் இரண்டு, மணல் ஒன்று, காய்ந்த ஆட்டுப்புழுக்கைத் தூள் ஒன்று. முறத்தில் தண்ணீர் தெளித்துத் தெளித்து உருட்டினோம். கொண்டைக்கடலை அளவு, ஒவ்வொன்றிலும் மூன்று நாலு பொதி. நிழலில் இரண்டு நாள் காயவைத்தோம். இது நனைந்ததும் கசிந்து பரவியது, ஏழாம் நாள் முளை வந்தது. எறும்பு இதை இழுக்கவே இல்லை.

தண்ணீரை நிறுத்தும் வேலை இன்னொன்று. எங்கள் பூமி மேற்கிலிருந்து கிழக்கே சரிவு. கொத்தனார் வைக்கிற டியூப் லெவல் மாதிரி 30 மீட்டர் டியூப் 450 ரூபாய்க்கு வாங்கி, ஒரே மட்டத்துக் கோடுகளைக் குறித்து, காட்டிலேயே பொறுக்கிய சரளைக்கல்லை ஒரு முழ உயரத்துக்கு வரிசையாக அடுக்கினோம். ஆறு வரிசை, 12 மீட்டருக்கு ஒன்று, ஆறு ஆள்கூலி 2,400. முதல் மழைக்கே ஒவ்வொரு வரிசைக்கும் மேல்பக்கம் இரண்டு விரல் கனத்துக்கு வண்டலும் இலையும் வந்து தங்கிவிட்டது. உருண்டைகளை அந்த மேல்பக்கத்தில்தான் நெருக்கமாகப் போட்டோம். மூடவில்லை. கொழிஞ்சியை ஒரு செடிகூடத் தொடவில்லை.

ஆட்டு வாய்க்குத் தப்பிய 43 தூரும் அதற்குள் கொழுத்திருந்தன. இரண்டாவது நல்ல மழைக்கு மறுநாள் அவற்றில் பாதிப் பாதியாகத் தோண்டி, வேரோடு பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, 300 துண்டாக்கி, சரளை மேட்டில் ஒன்றரை அடி இடைவெளியில் நட்டோம். மூன்று ஆள்கூலி, 1,200. விதை நம்பமுடியாத இடத்தில் தூர்தான் வழி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். 45 நாள் கழித்து எண்ணியபோது 300-இல் 261 உயிரோடு. உருண்டை போட்ட நூறு இடத்தைப் பார்த்ததில் 54 இடத்தில் புல்.

பிறகு வந்ததுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான கட்டம், ஒன்றும் செய்யாமல் இருப்பது. 2024 தையில் புல் முழங்கால் உயரம், நரிவால் மாதிரி கதிர். பக்கத்துக் காடெல்லாம் காய்ந்து கிடக்கிறது, பட்டியில் ஆடு கத்துகிறது, வேலிக்கு உள்ளே புல் நிற்கிறது. மேய விடவில்லை. கதிர் தானே உதிர்ந்து முடியும் வரை கடவைத் திறக்கவில்லை. கோடை மழைக்குப் பிறகு ஆனியில் மயிலைப் பசுவையும் கன்றையும் மட்டும், அதுவும் காலையில் இரண்டு மணி நேரம். மாடு நாக்கால் வளைத்து மேலே அறுக்கும், ஆடு தரையை ஒட்டிக் கொறிக்கும். முதலில் மாடு, அடுத்த வருசம் ஆடு என்று மாமா சொன்னது இதற்காகத்தான். புரட்டாசியில் மறுபடி கடவை மூடினேன். அந்த வளர்ச்சியைத்தான் கார்த்திகையில் அறுத்து எடை போட்டேன்.

2025 தையில் விதை உதிர்ந்த பிறகு ஆடு விட்டோம். ஒரு ஏக்கரைப் பழைய மீன்வலையும் குச்சிகளும் வைத்து நாலாகத் தடுத்து, பன்னிரண்டு ஆட்டையும் ஒரு துண்டுக்கு ஆறு நாள். நாலு விரல் உயரத்துக்கு இறங்கியதும் அடுத்த துண்டு. 24 நாள் ஓடியது. அந்த 24 நாளும் பட்டியில் சோளத்தட்டு அவிழ்க்கவில்லை.

மொத்தச் செலவு 25,800. விறகு விற்ற 6,000 போக 19,800. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் விசயம் தெரிகிறது. முதல் வருசம் மட்டும் 15,150, அதில் பொக்லைன் 5,400 தவிர மீதி வீண். இரண்டாம் வருசம் 2,200. புல் நிற்கக் காரணமாக இருந்தது கடைசி வருசத்து 4,650-உம் வேலிக்குப் போன 3,800-உம்தான்.

மீதி இரண்டு ஏக்கருக்கு வரிசையை மாற்றுகிறேன். வேலி முதல் வேலை, போத்து நட்டு இரண்டு மழை பார்த்த பிறகுதான் விதை. கல் வரிசை 12 மீட்டருக்குப் பதில் எட்டு மீட்டருக்கு ஒன்று, ஏனென்றால் இரண்டு வரிசைக்கு நடுவே புல் இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறது. உருண்டையுடன் நரிப்பயறும் கொஞ்சம் கலப்பேன். புல் மட்டும் தின்னும் ஆட்டைவிடப் பயற்றங்கொடியும் சேர்த்துத் தின்னும் ஆடு சதை பிடிக்கும். வெள்வேலம் ஏக்கருக்குப் பத்தாவது வேண்டும், எங்களிடம் நாலுதான் மிச்சம். நெற்றுப் பொறுக்கி வைத்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இந்தப் புல்லை எங்கேயும் வீசலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே இது மண்ணோடு பிறந்தது. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் இதுவே வெளியிலிருந்து போய், உள்ளூர்ச் செடிகளை அமுக்கி, தீ பரவ வழி செய்துகொண்டிருக்கிறது. அரிசோனா 2005-இல் இதைத் தீங்கான களை என்று பட்டியலிட்டது. அங்குள்ள சொனோரா பாலைவனத்தின் பெரிய சகுவாரோ கள்ளிகள் தீயைத் தாங்கும் உடம்பு கொண்டவை அல்ல. நம் ஊரிலும் நீலகிரிப் புல்வெளிக்கோ சதுப்புக்கோ இது ஆகாது. அங்கங்கே அதது இருக்கிறது.

போன வாரம் பிவிசி சட்டத்தை எடுத்துக்கொண்டு 2021-க்குப் பிறகு விதைக்காத மேற்கு இரண்டு ஏக்கருக்குப் போனேன். கல் வரிசையிலிருந்து நாற்பதடி தள்ளி, ஒரு கொழிஞ்சித் தூரின் அடியில் வைத்து எண்ணினேன். கொழுக்கட்டைப்புல் நாற்று ஏழு. அந்த முதல் வருசத்துக்குப் பிறகு அங்கே நான் எதையும் போடவில்லை. அட்டாலியில் 2025 என்று எழுதிய சாக்கில் ஆறு கிலோ தொங்குகிறது. அடுத்த புரட்டாசி வரை அதை அவிழ்க்கப் போவதில்லை.